ஷெட்டுக்குள் ஒரு இருமல்

"கேக்குதா?"

"எது?"

"அதான்டி, சத்தம். போனை நல்லா காதுல அழுத்திக் கேளு."

அக்கா போனைக் கோழி ஷெட்டின் கம்பிவலைக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்திருக்கிறாள் என்பது புரிந்தது. கடல் தாண்டி இந்தப் பக்கம், அலுவலகத்தின் பின்படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டேன். ஆயிரக்கணக்கான குஞ்சுகளின் கீச்சுக் கீச்சு. மின்விசிறியின் உறுமல். அதற்கும் அடியில், தகர டப்பாவில் காய்ந்த பட்டாணியைப் போட்டு யாரோ மெதுவாக ஆட்டுவது போல ஒன்று.

"தெரியலைக்கா. காத்தா இருக்கும்."

"காத்து தும்முமாடி?" என்றாள்.

அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் அவளுக்கும் தவிர, மாமாவுக்கு மட்டும்தான் தெரியும். விறகறையில் ஒரு கோழி இருந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் விட்ட தொழில்களையும் பிடித்த தொழில்களையும் வைத்துத்தான் சொல்ல வேண்டும். கல்யாணமாகிப் போனபோது வீட்டை ஒட்டிக் கத்தரியும் வெண்டையும் தக்காளியும் போட்டிருந்தார்கள். விடியும்போது லாரி ஊருக்குள் வரும். வாசலிலேயே கூடையை நிறுத்துப் பார்த்து ஏற்றிக்கொண்டு போவார்கள். பிறகு புறவழிச் சாலை வந்தது. லாரிகள் ஊரைத் தொடாமலே பறந்தன. "நம்ம ஊருக்காகத்தான் ரோடு போட்டாங்களாம். ஏறத்தான் வழி வைக்க மறந்துட்டாங்க" என்றார் மாமா. மாமா அக்காவின் கணவர். எதையும் சிரிப்பாக்கிவிடுவார்; சிரிக்க வைத்துவிட்டுத் தான் மட்டும் தூங்காமல் கிடப்பார்.

கொஞ்ச நாள் கூடையோடு பஸ் ஏறிப் பார்த்தார்கள். சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் தக்காளி பாதி ரசமாகிவிடும். அதன் பிறகு அக்கா, வேன் வைத்துப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும் துணிக் கம்பெனிக்குத் தைக்கப் போனாள். காலர் மட்டும் தைப்பாள். முழுச் சட்டை ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. அதிலும் கை பழகி, பக்கத்து மிஷின்காரியோடு சிநேகமும் பழகி வந்த நேரத்தில், இன்னும் கூலி குறைவான நாடு ஒன்றைத் தேடிக் கம்பெனி போய்விட்டது. அன்றைக்கு அக்கா எனக்குப் போன் செய்து சொன்னாள்: "வீட்ல நீ ஒருத்திதான் வெளிநாடு போனேன்னு நினைச்சேன். என் தையல் மிஷினும் போயிடுச்சுடி."

அப்புறம்தான் கோழி. கறிக்கோழிக் கம்பெனி ஒன்று ஊர் ஊராக ஆள் பிடித்தது. குஞ்சு அவர்களுடையது, தீவனம் அவர்களுடையது, மருந்து அவர்களுடையது. இடமும் கரண்டும் முதுகுவலியும் நம்முடையது. வளர்ந்ததும் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும்; அடுத்த குஞ்சு வரும். காய்கறி நிலத்தை மட்டம் தட்டி, சிமெண்டுத் தரை போட்டு, மேலே தகரம் வேய்ந்தார்கள். மாமா அந்தத் தரையில் நின்று காலால் தட்டிப் பார்த்தார். "இனிமே இதுல கத்தரிக்கா முளைக்காது. கோழி முளைச்சாத்தான் உண்டு" என்றார். ஷெட்டுக்கு ஓர் ஆள் போதும் என்பதால் அவர் நகரத்தில் ஒரு கிடங்குக்குக் காவல்காரராகப் போனார். கிடங்கின் கேட்டை ஒட்டி அவருக்கு ஓர் அறை. நின்றால் ஒருவர், படுத்தால் அரை ஆள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவார்.

ஆகவே கம்பெனி குஞ்சு போடுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதில் மறைவு எதுவும் இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு அக்கா அந்த அரை ஆள் அறைக்குப் போக வேண்டும். திரும்பி வர, நிலம் என்று ஒன்று இல்லை.

கம்பெனியின் முதல் சட்டம், வீட்டில் வேறு கோழி இருக்கக் கூடாது என்பது. நாட்டுக்கோழி, வாத்து, புறா எதுவும் கூடாது. வெளிக் கோழியின் வியாதி ஷெட்டுக்குள் வந்தால் ஒரே வாரத்தில் துடைத்துவிடும் என்று சூப்பர்வைசர் சொன்னார். ஆறேழு வீடுகளில் ஷெட் வந்ததும் ஊரே கோழியைக் கொடுத்துத் தீர்த்தது. சேவல் கூவாத ஊராகிவிட்டது. ஒரு கூரைக்குக் கீழே ஆயிரக்கணக்கில் கோழி. ஆனால் ஒரு வாசலிலும் ஒன்று மேயாது.

அக்காவும் எல்லாவற்றையும் கொடுத்தாள், ஒன்றைத் தவிர. தலையில் கொத்தாகக் கொண்டை வைத்திருந்ததால் அதற்குக் கொண்டைக்காரி என்று பெயர். பாசம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அக்கா கோழியைக் கொஞ்சுகிறவள் இல்லை. அவளுக்குக் கம்பெனி வளர்ப்பில் ஓர் இடம் மட்டும் பிடிபடவில்லை. குஞ்சுகள் பெட்டி பெட்டியாக வரும். கூடவே தாய் வராது. மரத்தூளைப் பரப்பி, மேலே பல்பைத் தொங்கவிட்டு, அதுதான் தாய் என்றார்கள். ஒவ்வொரு முறை வந்து இறங்கும் தொகுதியிலும் சில குஞ்சுகள் சுருண்டு நிற்கும். தண்ணீருக்குப் போகாது, தீவனத்துக்குப் போகாது. அவற்றைக் கழித்து எடுத்துவிட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். கழிப்பது என்றால் கழுத்தைத் திருகுவது.

"உயிரோட கண்ணைத் திறந்து பாக்குதுடி. பல்பு வெளிச்சம் சூடு குடுக்கும், வா சாப்பிடுன்னு கூப்பிடுமா?" என்றாள் என்னிடம்.

கொண்டைக்காரி விறகறையில் அடைக்குப் படுத்திருந்தாள். அந்தி மங்கியதும் அக்கா சுருண்ட குஞ்சுகளை மடியில் போட்டு எடுத்து வந்து ஒவ்வொன்றாக அவள் வயிற்றுக்கடியில் செருகுவாள். அடைக்கோழிக்குத் தன் குஞ்சு, கம்பெனிக் குஞ்சு என்ற பேதம் கிடையாது. அவள் கொக்கரித்துக் கூப்பிட்டால் அவை தலையைத் தூக்கும், கொத்தும், குடிக்கும். கொஞ்சம் தேறியதும் ஷெட்டுக்குத் திரும்பிவிடும். கோழி வளர்த்துப் பழகாத எவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். கம்பெனி ஆட்களுக்கு இப்படி ஒரு வழி தோன்றியே இருக்காது; தோன்றினால்தானே அதை ஒரு சட்டமாகத் தனியாக எழுத?

வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"போடி. கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாகுமா?" என்று முடித்துவிட்டாள்.

இரண்டு தொகுதி நன்றாகவே போனது. செத்த குஞ்சு குறைவு என்று அக்காவின் ஷெட்டுக்கு நல்ல பெயர். சூப்பர்வைசருக்கு ஊரில் பூட்ஸ் என்றுதான் பெயர். முழங்கால் வரை வெள்ளை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஷெட் ஷெட்டாகப் போவார். ஒவ்வொரு ஷெட் வாசலிலும் கால் நனைத்துவிட்டு நுழைவதற்கு மருந்துத் தண்ணீர்த் தொட்டி கட்டச் சொன்னவர் அவர்தான். பூட்ஸின் வெள்ளை மங்கிவிடும் என்று அந்தத் தொட்டியைத் தாண்டிக் குதிப்பவரும் அவர்தான்.

"அக்கா ஷெட்டைப் பாத்து எல்லாரும் கத்துக்கணும்" என்று அவர் நாலு பேர் முன்னால் சொன்னது அடுத்த ஷெட்காரிக்குப் பொறுக்கவில்லை. அவள்தான் துணிக் கம்பெனியில் அக்காவுக்குப் பக்கத்து மிஷின்காரி. அக்காவைப் பார்த்து ஷெட் போட்டவள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "உன் ஷெட்ல மட்டும் எப்படிடி குஞ்சு சாக மாட்டேங்குது? தாலாட்டு கீலாட்டு பாடுறியா?"

"ஆமா, உன் குரல்ல பாடினா செத்துடும். அதான் நானே பாடுறேன்."

மூன்றாவது தொகுதியில்தான் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் ஒரு மூலையில். மறுநாள் நடுவில். குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்து, வெள்ளை இறகு கட்டத் தொடங்கிய நேரம். சிலவற்றின் கண்ணில் நுரை. அக்கா விறகறைக்கு ஓடிப் பார்த்தாள். கொண்டைக்காரியின் மூக்கிலும் ஈரம். நான் இங்கே கணினியில் தேடி ஒவ்வொரு வியாதியாகப் படித்தேன். ஒன்றில் பாதி சாகும். இன்னொன்றில் எல்லாமே சாகும். இன்னொன்றில் அந்த வட்டாரத்திலுள்ள அத்தனை ஷெட்டையும் காலி செய்துவிடுவார்களாம். படித்ததை அக்காவிடம் எந்த மொழியில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவளிடம் ஒரே ஒரு பயம் இருந்தது. நான் அதற்கு ஏழெட்டுப் பெயர் வைத்துக் கொடுத்ததுதான் மிச்சம்.

மாமா அக்காவிடம் போனில் சிரிக்காமல் பேசினாராம். அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது. "கோழியை யாருக்கும் தெரியாம ஒழிச்சுடு. விறகறையைக் கழுவிடு. பூட்ஸ் வந்தா குஞ்சுக்குச் சளின்னு சொல்லு, மருந்து குடுப்பான். அவ்வளவுதான். நீயா வாயைக் கொடுத்து மாட்டிக்காத."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அக்காவிடம் நானும் அப்படியே சொன்னேன்.

"கோழியை ஒழிச்சுடலாம்டி. நாளைக்குக் காலையில பூட்ஸ் வருவான். என் ஷெட்ல மிதிச்சுட்டு நேரா எங்க போவான் தெரியுமா? அவ ஷெட்டுக்கு. அவளுக்கு நேத்துதான் குஞ்சு இறங்கியிருக்கு. பஞ்சு மாதிரி இருக்கு ஒவ்வொண்ணும்."

"தொட்டியில கால் நனைச்சுட்டுத்தானே..."

"அவன் தொட்டியைத் தாண்டுறதை நீ பாத்தது இல்ல. மான் தோத்துடும்."

மறுநாள் காலை அங்கே. இங்கே எனக்கு வேலை நேரம். அக்கா என்னைக் கூப்பிட்டாள். "வந்துட்டான். நீ வைக்காத, இரு" என்று சொல்லிவிட்டு, போனை அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகு நடந்தது எல்லாமே சேலைத் துணி உரசும் ஓசைக்கு நடுவில்தான் எனக்குக் கேட்டது. பைக் நின்றது. இரும்புக் கேட் கிறீச்சிட்டு, திறக்காமல், சாத்திக்கொண்டது.

"என்னக்கா, கேட்டைச் சாத்துறீங்க?"

"உள்ள வராதீங்க தம்பி."

"ஏன், நாய் கீய் வளக்குறீங்களா?"

"குஞ்சு தும்முது."

"சளியா இருக்கும். பாத்தாத்தானே தெரியும். தள்ளுங்க."

"நீங்க இங்க மிதிச்சுட்டு அங்க போகக் கூடாது. அவளுக்கு முந்தாநாள்தான் குஞ்சு வந்திருக்கு."

"அட, அதுக்குத்தானே தொட்டி கட்டி வச்சிருக்கு?"

"நீங்க தொட்டியில கால் வச்சு நான் ஒரு நாளும் பாத்ததில்ல தம்பி."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து மிஷின்காரியின் குரல் கேட்டது. "என்னடி அங்க, காலங்காத்தால கேட்டைப் பூட்டிக்கிட்டு சூப்பர்வைசரை நிக்க வச்சிருக்க? பொண்ணு பாக்கவா வந்திருக்காரு?"

"நீ சும்மா இரு. உன் குஞ்சுக்காகத்தான்."

அப்புறம் அக்கா சொன்னாள். குரல் தடுமாறவில்லை. அவசரமாகவும் சொல்லவில்லை. விறகறை, கொண்டைக்காரி, சுருண்ட குஞ்சுகள், மடியில் போட்டு எடுத்துப் போனது, திரும்பக் கொண்டுவந்து விட்டது, எல்லாம். போனை வைத்துவிட்டால் அது நடக்காததாகிவிடும் போல ஒரு நினைப்பு வந்தது.

"அறிவிருக்காக்கா?" என்று பூட்ஸ் கத்தினார். "மூணு தொகுதியா? உங்களை நம்பி நான் மேல எவ்வளவு சொல்லி வச்சிருக்கேன்! என் வேலையும் சேத்துல்ல போகும்!"

"போகாது. தொட்டி விஷயத்தை நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. என் விஷயத்தை நீங்க கம்பெனி டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். இல்லைன்னா அவர் தப்பா மருந்து குடுத்துடுவார்."

அவர் பைக்கைத் திருப்பும் ஓசை கேட்டது. அன்றைக்கு அவர் வேறு எந்த ஷெட்டுக்கும் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. வீட்டுக்குப் போய்ப் பூட்ஸைக் கழற்றி வைத்தாராம்.

கோழி டாக்டர் மத்தியானம் வந்தார். தொட்டியில் காலை நனைத்தார். செத்த ஒன்றை அறுத்துப் பார்த்தார். ஷெட்டிலும் கொண்டைக்காரியிடமும் மூக்கில் பஞ்சு விட்டுத் துடைத்து எடுத்துப் போனார். முடிவு வரும்வரை வேலிக்கு இந்தப் பக்கம் யாரும் வரக் கூடாது. பக்கத்து மிஷின்காரி, வீட்டுக்குத் தேவையானதைக் கம்பில் மாட்டி வேலிக்கு மேலே நீட்டிக் கொடுத்தாள். "கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாகாதுன்னு பெரியவங்க சொன்னாங்க. தும்மினா என்ன ஆகும்னு சொல்லாமலே செத்துட்டாங்க" என்றாளாம். அக்கா சிரித்ததாகச் சொன்னாள். சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது.

முடிவு வந்தது. வட்டாரத்தைக் காலி செய்கிற வியாதி இல்லை. மூச்சுக்குழாயில் வரும் சளி நோய்தான். ஷெட்டிலும் இருந்தது, கொண்டைக்காரியிடமும் இருந்தது.

"அப்ப அவகிட்ட இருந்துதான் வந்துச்சா டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா. குஞ்சு பொரிச்ச இடத்துலேருந்தே வந்திருக்கலாம். ஷெட்டுக்கு ஷெட் யாராவது கால்ல கொண்டுவந்திருக்கலாம். கோழி குஞ்சுக்குக் குடுத்துச்சா, குஞ்சு கோழிக்குக் குடுத்துச்சா? அதுங்களைத்தான் கேக்கணும்."

பூட்ஸ் பக்கத்தில்தான் நின்றார். தரையைப் பார்த்தபடி நின்றார் என்று அக்கா சொன்னாள்.

தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்தார்கள். ஒரு பகுதி செத்தது. மீதியைக் கம்பெனி, முழு எடைக்கு வளர்வதற்கு முன்பே வண்டி கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போனது. பக்கத்து ஷெட்டில் ஒரு தும்மலும் இல்லை. அக்காவின் ஷெட்டுக்கு அடுத்த குஞ்சு எப்போது என்று கேட்டதற்கு, "மேல பேசிட்டுச் சொல்றேன்" என்று மட்டும் பூட்ஸ் சொன்னார்.

எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது அதற்குப் பிறகான நாட்கள்தான். அக்கா போனை நீட்டிப் பிடிக்கும் பழக்கத்தை விடவில்லை. ஆனால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. தகரக் கூரை வெயிலில் படபடக்கும். அவளுடைய துடைப்பம் தரையில் இழுபடும். மரத்தூளையெல்லாம் அள்ளிக் கொட்டி, கழுவி, சுண்ணாம்பு அடித்தாள். காய்ந்ததும் மறுபடி கழுவி மறுபடி அடித்தாள். மாமா ஞாயிற்றுக்கிழமை வந்தபோது ஷெட்டுக்குள் போய் நின்று, "பேசினா எதிரொலிக்குது. இதுக்கு நம்ம ரெண்டு பேர் போதாதே" என்றார். பிறகு, கிடங்கு அறையில் இன்னொரு பாய் விரிக்க முடியுமா என்று தரையில் விரலால் கோடு போட்டுப் பார்த்தார். அக்கா அந்தக் கோட்டைக் காலால் அழித்தாள்.

"நான் அங்க வந்து என்ன பண்ண? நீங்க கேட்டைப் பாத்துப்பீங்க, நான் உங்களைப் பாத்துக்கவா?"

கடைசியில் பூட்ஸ் வந்தார். தொட்டியில் இரண்டு காலையும் நிதானமாக வைத்து எடுத்தார். பூட்ஸின் வெள்ளை எப்போதோ மங்கிப்போயிருந்தது. "ஒரு தொகுதி போட்டுப் பாக்கலாம்னு சொல்றாங்க. ஒரே ஒரு தொகுதி. அது சரியா வந்தா மேல. அந்தக் கோழி மட்டும்..."

"அது போயிடும்" என்றாள் அக்கா.

எங்கே போகும்? ஊரில் யாரும் வாங்க முடியாது, எல்லா வீட்டுக்கும் அதே சட்டம். அறுத்துவிடலாம் என்று பக்கத்து மிஷின்காரி சொன்னாள். மருந்து தின்ற கோழியை யார் தின்பது? முடிவில் மாமா ஒரு பிரம்புக் கூடையில் கொண்டைக்காரியை வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நகரத்துக்குக் கூட்டிப்போனார். காய்கறிக் கூடையோடு ஏறிய அதே பஸ். வழியெல்லாம் துண்டுக்கடியிலிருந்து அது முனகியதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மாமாவிடம் வயிறு சரியில்லையா என்று விசாரித்தாராம். இப்போது அது கிடங்கின் கேட்டுக்குப் பக்கத்தில் மேய்கிறது. "எனக்கு ஒரு அசிஸ்டென்ட் வந்தாச்சு. ராத்திரியில மட்டும் தூங்கிடுது" என்கிறார் மாமா.

புதுக் குஞ்சுகள் இறங்கிய மூன்றாம் நாளோ என்னவோ, அக்கா கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது.

"சுருண்டுக்கிட்டு நிக்குது சிலது."

"அக்கா, வேண்டாம். கழிச்சுடு. இந்தத் தடவை மட்டும் அவங்க சொல்றபடி கேளு."

"நான் ஒண்ணும் பண்ணல. கையை உயர்த்திக் காட்டணுமா?" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள். "சாயங்காலம் உங்க மாமாவுக்குப் போன் போட்டேன். கொண்டைக்காரிக்குப் பக்கத்துல போனை வைக்கச் சொன்னேன். தீனியைப் போட்டதும் கொக்கரிச்சா. நான் இங்க ஸ்பீக்கரைப் போட்டு, ஒரு ஓரத்துல தட்டி கட்டி மறைச்சு, அதுங்களைப் பிரிச்சு விட்டு, பக்கத்துல போனை வச்சேன்."

"அய்யோ. பூட்ஸுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டுமே. போன்ல கோழி வளக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"என்ன ஆச்சு?"

"தலையைத் தூக்கிப் பாத்துச்சு. ஒண்ணு தண்ணிக்கு வந்துச்சு. மத்ததைப் பத்தி நாளைக்குத்தான் சொல்ல முடியும்." அவள் சிரித்துவிடுவாள் போல இருந்தது, ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டாள். கம்பிவலை உரசியது. கீச்சுக் கீச்சு பெருகி வந்தது.

"இப்ப கேளு. எல்லாரும் தூங்கப் போற நேரம், நல்லா கேக்கும். ஏதாவது இருக்கா?"

நான் பின்படிக்கட்டில் உட்கார்ந்து, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டேன். மின்விசிறி. கீச்சு. அதற்கடியில் எதுவோ இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

"சொல்லுடி."

"இரு அக்கா. இன்னும் கொஞ்சம் கேக்குறேன்" என்றேன்.